கோணமூக்கன் என் அலமாரிக்குள்ள போயிட்டான்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் திருடல. இத எதுக்கு ஆரம்பத்துலயே சொல்றேன்னா, பாதி வரைக்கும் கேட்டவங்க எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க. "சரி சரி, நம்பறோம்"னு ஒரு சிரிப்பு. அது எனக்கு ஆகவே ஆகாது. முழுசா கேட்டுட்டு அப்பறம் சிரிங்க, நானும் சேந்து சிரிக்கறேன்.

நான் விளையாடற கேம்ல ஆளுக்கு ஒரு தீவு. தீவுல ஒரு வீடு, வீட்டுக்குள்ள ஒரு கண்ணாடி அலமாரி. வருஷக் கடைசில ரெண்டு வாரம் பனி லீவுன்னு விடுவாங்க. தீவு பூரா வெள்ளை வெளேர்னு ஆயிடும், மரத்துல எல்லாம் பல்பு எரியும். அந்த ரெண்டு வாரத்துல மட்டும் கிடைக்கற சாமான்னு ஒரு பட்டியல் இருக்கு: கம்பளித் தொப்பி, சறுக்கு வண்டி, மூக்குல லைட் எரியற மான், அது இதுன்னு. லீவு முடிஞ்சா அதுல எதையும் கைமாத்த முடியாது, அடுத்த வருஷம் வரைக்கும் பூட்டு.

அதுல ராஜா யாருன்னா பனி பொம்மைங்க தான். வருஷத்துக்கு ஒண்ணு விடுவாங்க. இதுவரைக்கும் ஒம்பது வந்திருக்கு. ஆனா அலமாரில கட்டம் பத்து. ஏன்னா மொத வருஷம், மொத பொம்மைய வெளிய விட்டப்போ, கம்பெனில எவரோ தூக்கக் கலக்கத்துல கேரட் மூக்க நெத்தில கொண்டு போய் ஒட்டிட்டாரு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டாங்க. ஆனா அந்த ஒரு மணி நேரத்துல எடுத்தவங்க கைல அப்படியே நின்னுடுச்சு. நெத்தில மூக்கு வெச்சுக்கிட்டு, என்னவோ பெரிய யோசனைல இருக்கற மாதிரி ஒரு மூஞ்சி. அவன் பேரு கோணமூக்கன். கம்பெனிக்காரங்களும் வெக்கப்படாம அவனுக்குன்னு பத்தாவது கட்டம் ஒண்ணு போட்டுட்டாங்க. பத்தும் நெறஞ்சா உங்க தீவுல வெடி வெடிக்கும், விளையாடற அத்தன பேருக்கும் உங்க பேரு போட்டு செய்தி போகும். ஒரு தீவுக்கு ஒரு தடவ தான்.

நான் சேந்து அஞ்சு வருஷம். அதுக்கு முன்னாடி வந்த பொம்மைங்களையும் கெஞ்சி, மாத்தி, சண்ட போட்டு வாங்கிட்டேன். பத்தாவது மட்டும் காலி.

இப்போ முக்கியமான விஷயம். இந்த கேம்ல மாத்திக்கறதுக்குன்னு தனியா வசதி கிடையாது. குடுக்கணும்னா பொருள தரைல போடணும், எதிராளி எடுத்துக்கணும். எடுத்துட்டு பதிலுக்கு ஒண்ணும் போடாம ஓடிட்டா போச்சு. அதனால நடுவுல ஒரு ஆள் வேணும். ரெண்டு பேரும் அந்த ஆள்கிட்ட போடுவாங்க, அந்த ஆள் இவருது அவருக்கு, அவருது இவருக்குன்னு பிரிச்சுக் குடுக்கும். எங்க குரூப்புல அந்த ஆள் நான் தான். குரூப் பேரு "வெட்டி ஆபீசர்கள்". என் தீவோட பேரே "புரோக்கர்". முந்நூறு கைமாத்துக்கு மேல பண்ணி இருக்கேன், ஒரு தொப்பி கூட தொலஞ்சது இல்ல. வெளி குரூப்புக்காரங்க கூட "அந்தப் பொண்ணு கிட்ட குடு, கண்ண மூடிட்டு குடு"ன்னு அனுப்பி வெப்பாங்க. எனக்கு வீட்டுல பேரு கிடையாது, வேலைல பேரு கிடையாது, அங்க இருந்துச்சு. சரி விடுங்க.

வேலை மூக்குக் கண்ணாடி கடைல. முன்னாடி முதலாளி கஸ்டமர பாத்துக்குவாரு, பின்னாடி ஒரு சின்ன ரூம்ல நான் லென்ஸ் வெட்டுவேன். லென்ஸ்ல மூணு புள்ளி வெச்சு, நடுவுல ரப்பர் ஒட்டி, மெஷின்ல மாட்டி கதவ மூடினா, அது தண்ணிய பீச்சிக்கிட்டே ஃபிரேம் அளவுக்கு ஓரத்த தேய்க்கும். நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துல நான் என்ன பண்றேன்னு முதலாளிக்கு தெரியும், தெரியாத மாதிரி இருப்பாரு. லென்ஸ் ஒழுங்கா வந்தா அவருக்குப் போதும்.

புதன்கிழமை மத்தியானம் மூணு மணி இருக்கும். நர்ஸக்கா ஆஸ்பத்திரில டீ பிரேக்ல இருந்தாங்க. லாரிண்ணன் ஏதோ ஒரு குடோன் வாசல்ல வரிசைல வண்டிய போட்டுட்டு உக்காந்திருந்தாரு. ரெண்டு பேரும் குரூப்புல பழைய ஆளுங்க. நர்ஸக்கா கிட்ட ஒரு கோணமூக்கன் இருந்துச்சு. லாரிண்ணனுக்கும் என்ன மாதிரியே ஒம்பது இருக்கு, பத்தாவது காலி. மூணு வருஷமா நர்ஸக்காவ நச்சரிச்சு, கடைசில மான், மணி கட்டின சறுக்கு வண்டி, ஐஸ் பியானோ மூணும் குடுக்கறதா பேசி முடிச்சாரு. கைமாத்து என் மூலமா.

எனக்கு ஆசையா இல்லியான்னு கேட்டா, வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஆனா தொழில் தொழில் தான்.

நர்ஸக்கா கோணமூக்கன தரைல போட்டாங்க. எடுத்துக்கிட்டேன். லாரிண்ணன் மூணையும் போட்டாரு. எடுத்துக்கிட்டேன். நாலும் என் பைல. "ஒரு நிமிஷம், பிரிச்சுத் தரேன்"னு டைப் பண்ணேன். அப்போ மெஷின் டிங்னுச்சு. முன்னாடி இருந்து முதலாளி குரல்: "அந்த பஸ் டிரைவர் கண்ணாடி ஆச்சாம்மா? ஆள் நிக்கறாரு."

"ஆச்சு சார்"னு கதவ தொறந்து லென்ஸ எடுத்தேன். கை பூரா தண்ணி. அந்தக் கையோட போன்ல கோணமூக்கன தொட்டேன். தொட்டா ரெண்டு பட்டன் வரும். "கீழ வை", பக்கத்துலயே "அலமாரில வை". முன்னயெல்லாம் அலமாரிக்கு வீட்டுக்குள்ள போயி தான் வெக்கணும். எங்க இருந்தாலும் அனுப்பலாம்னு போன மாசம் தான் வசதி பண்ணிக் குடுத்தாங்க. வாழ்க வசதி.

ஈர விரல், சரியா எடுக்கல, பட்டன் மாறி விழுந்துடுச்சு. ஸ்கிரீன்ல ரெண்டு சொட்டு தண்ணி. "நிச்சயமா?"ன்னு கேட்டுச்சு. நான் அத படிக்கவே இல்ல. தண்ணிய துடைக்கலாம்னு கட்டை விரலால ஒரு தேய் தேய்ச்சேன். தேய்ச்ச இடம் "ஆமா".

அலமாரில வெச்சா ஒட்டிக்கும். அப்பறம் எடுக்கவே முடியாது. கேம்ல மொத நாளே சொல்லித் தர்ற விஷயம் அது.

நான் மூச்சு விடறதுக்குள்ள வெடி வெடிக்க ஆரம்பிச்சிடுச்சு. என் தீவு மேல செவப்பு, பச்சை, தங்கக் கலர்ல பூ பூவா விரியுது. மேல பட்டையா ஒரு செய்தி, எல்லாருக்கும்: "புரோக்கர் பத்து பனி பொம்மைகளையும் சேர்த்துவிட்டார்! வாழ்த்துங்கள்!" யாருன்னே தெரியாத ஜனமெல்லாம் கை தட்டுது, இதயம் அனுப்புது. நான் லென்ஸ கைல வெச்சுக்கிட்டு நிக்கறேன், தண்ணி முழங்கை வழியா ஒழுகுது.

குரூப்புல மொதல்ல எழுதினது நர்ஸக்கா: "என்னடி இது."

"அக்கா கை ஈரம் அக்கா. தவறிடுச்சு. சத்தியமா தவறிடுச்சு."

அடுத்து வந்தது ஓட்டைவாளி. காலேஜ் படிக்கறவன், ஒரு ரகசியம் தங்காது, அதான் அந்தப் பேரு. "தவறி விழுந்துச்சாம். அதுவும் கரெக்டா அலமாரிக்குள்ள. அதுவும் கரெக்டா பத்தாவது கட்டத்துல."

"டேய் வாளி, மூடு."

"நான் மூடிட்டேன் புரோக்கரே. வெடிச் சத்தம் தான் மூட மாட்டேங்குது."

லாரிண்ணன் எழுதினது ஒரே ஒரு வரி. "கேட் தொறந்துட்டான்மா, வண்டிய எடுக்கணும்." அவ்ளோ தான், ஆள் போயிட்டாரு. திட்டி இருந்தா கூட தாங்கி இருப்பேன்.

அன்னிக்கு பஸ் டிரைவர் கண்ணாடில இடது லென்ஸ வலது பக்கம், வலது லென்ஸ இடது பக்கம் போட்டு வெச்சிருந்தேன். முதலாளி கண்டுபிடிச்சிட்டாரு. "ஏம்மா, அவர் பஸ்ஸ பின்பக்கமா ஓட்டணுமா?"ன்னு கேட்டாரு. சிரிக்க முடியல. அவர் என் மூஞ்சியப் பாத்துட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னாரு. என்னன்னு சொல்றது? பொம்மைக்கு மூக்கு நெத்தில இருக்கு சார், அது என் வீட்டுக்கு வந்துடுச்சு சார்?

வீட்டுக்கு வந்தா அக்கா வெங்காயம் நறுக்கிட்டு இருக்கா. நானும் அவளும் ஒரே வீடு. அவ டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறா. நாள் பூரா மத்தவங்க பிரேக் போட மறக்கறத பாத்துப் பாத்து, எதுக்கும் அசராத ஒரு மூஞ்சி அவளுக்கு வந்திருக்கு. நான் எல்லாத்தையும் கொட்டினேன். முழுசா கேட்டுட்டு, "அப்போ உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு, ஏன் அழற?"ன்னா.

"அதான்க்கா பிரச்சனையே."

"உன்ன புரிஞ்சுக்கறதுக்கு தனியா லைசென்ஸ் வாங்கணும் போல."

வியாழக்கிழமை கம்பெனிக்கு எழுதினேன். ஒரு பக்கம் எழுதினேன், தண்ணி சொட்டுல இருந்து ஆரம்பிச்சு. பதில் பத்து நிமிஷத்துல வந்துச்சு: "சேகரிப்பு முழுமை அடைந்ததற்கு வாழ்த்துகள். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி." மறுபடி எழுதினேன். மறுபடி வாழ்த்தினாங்க. மூணாவது தடவ எனக்கு ஒரு கம்பளித் தொப்பி பரிசா அனுப்பிட்டாங்க. அத குரூப்புல சொல்லி இருக்கக் கூடாது. ஓட்டைவாளி, "பொம்மைக்கு பொம்மையும் ஆச்சு, தொப்பியும் ஆச்சு"ன்னான்.

இன்னொரு கோணமூக்கன் வாங்கி லாரிண்ணனுக்குக் குடுத்துடலாம்னு தேடினேன். வெச்சிருக்கற மூணு பேர கண்டுபிடிச்சேன். ஒருத்தர் "விக்கறதுக்கு இல்ல". ஒருத்தர் அலமாரில ஒட்டிட்டாரு. மூணாவது ஆள் கேட்டாரு: "புரோக்கரா? புதன்கிழம வெடி வெடிச்ச புரோக்கரா?" அப்பறம் பதில் இல்ல. அப்போ தான் புரிஞ்சுது. பேரு போயிடுச்சு. அஞ்சு வருஷமா சேத்தது, ஒரு தேய்ல.

அன்னிக்கு சாயந்திரம் நர்ஸக்கா கூப்பிட்டாங்க. டைப் பண்ணாம நேரா போன்.

"உண்மைய மட்டும் சொல்லு. ஆசைப்பட்டு வெச்சியா?"

"இல்லக்கா. கை ஈரமா இருந்துச்சு."

"வெக்கறப்போ இல்ல, சரி. வெச்சதுக்கு அப்பறம்?"

இவங்க ஊசி போடறப்போ இப்படித் தான் போடுவாங்க போல, எதிர்பாக்காத எடத்துல.

"ஒரு செகண்டு, அக்கா. அந்தக் கட்டம் மின்னுச்சு பாருங்க, அப்போ. ஒரே ஒரு செகண்டு நல்லா இருந்துச்சு."

"ம்."

"அக்கா?"

"இருக்கேன். அத நீ சொல்லாம விட்டிருந்தா நான் நம்பி இருக்க மாட்டேன்." பின்னாடி யாரோ "சிஸ்டர்"னு கூப்பிட்டாங்க. "ஆனா நான் நம்பி என்ன பண்றது. லாரிக்காரரு மூணு வருஷமா கேட்டாருடி. அவருக்கு என்ன வழின்னு பாரு. லீவு ஞாயித்துக்கிழம சாயந்திரம் ஆறு மணியோட முடியுது." வெச்சிட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு உக்காந்தேன், சாப்பிடல. தட்டப் பாத்துட்டே இருந்தேன். அக்காவுக்கு பொறுமை போயிடுச்சு.

"அந்த பொம்மை வெளிய வராதா?"

"வராது. அலமாரில ஒட்டிடுச்சு."

"அலமாரிய தூக்க முடியுமா?"

"அது வீட்டோட ஒட்டினது."

"வீட்ட?"

"தீவோட ஒட்டினது."

"அப்போ தீவையே குடுத்து தொலைச்சிட்டு வந்து சாப்புடு. ஆறுது."

அவ கிண்டலுக்குத் தான் சொன்னா. எனக்கு பொறி தட்டுச்சு. தீவையே குடுக்கலாம். பாஸ்வேர்டோட. லாரிண்ணன் என் தீவுக்குப் போனா பத்து பொம்மையும் அவர் அலமாரில. நான் அவர் தீவுக்குப் போனா ஒம்பது பொம்மை, ஒரு காலிக் கட்டம். புதன்கிழம காலைல நான் எப்படி இருந்தேனோ அப்படி.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"அக்கா, நீ ஒரு மேதை."

"தெரியும். சோத்த தின்னு."

தின்னேன். ஆனா தின்னுட்டே யோசிச்சா, குடுக்கறதுன்னா சும்மா இல்ல. என் தீவுல கரைல இருந்து வீடு வரைக்கும் ஒரு வெளக்குப் பாதை இருக்கு. ஏழு மாசம் எடுத்துச்சு. ரெண்டு வெளக்குக்கு நடுவுல சரியா நாலு கட்டம், ஒண்ணு கூட கோணல் கிடையாது. கண்ணாடி கடை கை அது, அரை மில்லி தள்ளினாலும் கண்ண உறுத்தும். ஒரு குளம், மேல ஒரு குட்டிப் பாலம். குளத்துல ஒரு வாத்து, நான் எங்க போனாலும் பின்னாடியே வரும். அப்பறம் அந்தப் பேரு. தீவோட பேர மாத்த முடியாது. புரோக்கர்ங்கற பேரும் அதோட போயிடும்.

சனிக்கிழமை மெஷின் ஓடறப்போ லாரிண்ணனுக்கு போன் போட்டேன். கைய நல்லா துடைச்சிட்டுத் தான். வண்டிக்குள்ள இருந்தாரு, வைப்பர் ஓடற சத்தம்.

சொன்னேன். வைப்பர் சத்தம் நின்னுச்சு.

"ஏம்மா, அது உன் வீடு இல்லியா."

"பொம்மை உங்களுது. என் வீட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. வேற வழி தெரியலண்ணே."

"என் தீவு குப்பையா இருக்கும்மா."

"பாத்திருக்கேண்ணே."

"பாத்துட்டுமா கேக்கற?"

அவர் தீவு பேரு "லாரி". பாத்தா ஒரு குடோன். மரம் வேணாம்னு வெட்டிட்டு, கிடைச்ச சாமான எல்லாம் வரிசை வரிசையா அடுக்கி வெச்சிருக்காரு, நடுவுல ஆள் போறதுக்கு ஒரு சந்து. ஏதோ நாளைக்கே லோடு ஏத்தப் போற மாதிரி.

"அண்ணே, ஒரு வார்த்தை. நான் வேணும்னு பண்ணல."

"நீ வேணும்னு பண்ணிட்டேன்னு நான் நெனைக்கலம்மா," அவர் நிதானமா சொன்னாரு. "வேணும்னு பண்றவ மூணு சாமானையும் சேத்து அமுக்கி இருப்பா. எனக்கு வருத்தம் வேற. அந்த வெடி. என் தீவுல வெடிக்கறப்போ பாக்கணும்னு, அன்னிக்கு வண்டிய வரிசைல போட்டுட்டு, சீட்ட எல்லாம் பின்னாடி சாச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தேன். வெடிச்சிச்சு. உன் பேரு வந்துச்சு."

"வெடிக்கு நான் பொறுப்பு"ன்னேன். எப்படின்னு அப்போ எனக்கே தெரியாது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பாஸ்வேர்ட யார் மொதல்ல குடுக்கறது? மொதல்ல குடுத்தவங்கள மத்தவங்க வெளிய தள்ளி கதவ சாத்திடலாம். நடுவுல ஒரு ஆள் வேணும். குரூப்புல நடு ஆள்னா நான் தான். எனக்கே நான் எப்படி நடுவுல நிக்கறது? கடைசில நர்ஸக்கா, "நான் பண்றேன். ஆஸ்பத்திரில பண்ணாததா"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணி. குரூப் கால், எல்லாரும் வந்துட்டாங்க, கூப்பிடாமயே. அக்கா கூட என் பக்கத்துல வந்து உக்காந்துட்டா, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டே.

மொதல்ல நர்ஸக்காவுக்கு சேர வேண்டிய மூணு சாமான என் பைல இருந்து அவங்க தீவுல போட்டேன். மான், சறுக்கு வண்டி, பியானோ. அவங்க எண்ணி எடுத்துக்கிட்டாங்க. அப்பறம் பாஸ்வேர்ட் படலம்.

"ரெண்டு பேரும் கைய கழுவி, துண்டால துடைச்சு, அப்பறம் தான் போன தொடணும்," நர்ஸக்கா உத்தரவு போட்டாங்க. "லாரி, உங்களுது?"

"நான் உங்களுக்குத் தனியா அனுப்பிட்டேன் சிஸ்டர்."

"வந்துடுச்சு. வாசிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. எங்க ஆஸ்பத்திரி வழக்கம், மருந்து பேர ரெண்டு தடவ வாசிச்சு தான் குடுப்போம்."

"நர்ஸக்கா, எல்லாரும் கேக்கறாங்க," நான் அவசரமா சொன்னேன்.

"கேட்டா என்ன, மாத்தின உடனே ரெண்டு பேரும் புதுசு போட்டுக்கப் போறீங்க. லாரி: மறந்துடாத, ஒண்ணு ரெண்டு மூணு."

"அதே தான்."

"புரோக்கர்..." கொஞ்சம் இடைவெளி. அவங்க வாசிக்கல. எனக்கு வேர்த்துடுச்சு. அந்த பாஸ்வேர்ட அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்டேன், காலைல யோசிக்காமயே நர்ஸக்காவுக்கு அனுப்பி இருந்தேன்.

"வாசிங்க சிஸ்டர்," ஓட்டைவாளி.

"கோணமூக்கன் எனக்கே. நடுவுல இடம் விடாம. கடைசில அஞ்சு."

கால்ல அத்தன பேரும் சிரிச்ச சத்தத்துல என் போன் ஸ்பீக்கர் கரகரன்னு ஆயிடுச்சு. பக்கத்துல அக்கா எண்ணெய் கையோட சுவத்துல சாஞ்சிட்டா. நான் தலையணைல மூஞ்சிய புதைச்சிக்கிட்டேன்.

"இத எடுத்துட்டுப் போயி கோர்ட்ல காட்டினா ஆயுள் தண்டனை," ஓட்டைவாளி விக்கிக்கிட்டே சொன்னான்.

"டேய், சும்மா இருடா," லாரிண்ணன் குரல். அவரும் சிரிச்சிட்டுத் தான் இருந்தாரு. "இந்த பாஸ்வேர்ட வெச்சிருக்கறவ அஞ்சு வருஷமா எத்தன கோணமூக்கன கை மாத்தி விட்டிருக்கா? நான் பாத்தே நாலு. ஒண்ண தொட்டிருப்பாளா?"

நானே அத எண்ணிப் பாத்தது இல்ல. நாலு இல்ல, ஆறு. ஆறு தடவ அந்த மூக்கு என் பைக்குள்ள வந்துட்டு வெளிய போயிருக்கு.

"எழுதிக்கோங்க," நர்ஸக்கா தொண்டைய செருமினாங்க. "இப்போ குறுக்க அனுப்பறேன். மூணு, ரெண்டு, ஒண்ணு."

உள்ள போனேன். நான் குடோன் நடுவுல நிக்கறேன். தலைல லாரிண்ணனோட தொப்பி, மீசை வேற வெச்சிருக்காரு மனுஷன். போயி வீட்டத் தொறந்து பாத்தா, வெளிய தான் குடோன். உள்ள அலமாரி மட்டும் பளபளன்னு இருக்கு, ஒம்பது பொம்மை வரிசையா, பத்தாவது கட்டத்துக்கு முன்னாடி மட்டும் ஒரு குட்டி வெளக்கு. வரப் போற ஆளுக்காக வெச்சிருந்தது. நான் அத அணைக்கல.

அப்பறம் வெடி. கடைல வாங்கற சாதாரண பனி மத்தாப்பு, ஆளுக்குப் பத்து வாங்கிட்டு எல்லாரும் என் தீவுக்கு, மன்னிக்கணும், அவர் தீவுக்கு வாங்கன்னு சனிக்கிழமையே குரூப்புல கெஞ்சி இருந்தேன். பதினாலு பேர் வந்தாங்க. நான் வெளக்குப் பாதையோட ரெண்டு பக்கமும் ஆள நிறுத்தி, ஒவ்வொருத்தரா அடுத்தடுத்து பத்த வெக்கணும்னு சொன்னேன். நர்ஸக்கா ரெண்டு செகண்டு முன்னாடியே பத்த வெச்சிட்டாங்க. ஓட்டைவாளி பாலத்து மேல இருந்து குளத்துல விழுந்தான். வரிசை எல்லாம் கெட்டு, மொத்தமா ஒரே நேரத்துல வெடிச்சுது. கம்பெனி வெடியை விட அசிங்கமா இருந்துச்சு, அதை விட ரெண்டு மடங்கு சத்தம். பட்டைச் செய்திக்கு பதிலா எல்லாரும் பொது அரட்டைல ஒரே வரிய எழுதினோம்: "லாரிண்ணன் பத்தும் சேத்துட்டாரு." வெளி ஆளுங்க எல்லாம் குழம்பிப் போயி, "புரோக்கர் மறுபடியுமா?"ன்னு கேட்டாங்க.

லாரிண்ணன் எழுதினாரு: "சீட்ட சாச்சு வெச்சிருக்கேன். நல்லா தெரியுது."

என் வாத்து அவர் பின்னாடியே போயிட்டு இருந்துச்சு. ஒரு தடவ கூட என்ன திரும்பிப் பாக்கல, துரோகி.

எனக்கு மனசு லேசா தான் இருந்துச்சு. ஆனா ஒரு விஷயம் மட்டும் உள்ள உறுத்திட்டே இருந்துச்சு. லாரிண்ணன் மன்னிச்சிட்டாரு, நர்ஸக்கா நம்பறாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கறது வேற, கைல சாமான குடுக்கறது வேற. நாலு நாளா ஒருத்தர் கூட என்கிட்ட கைமாத்துக்கு வரல. லீவு கடைசி வாரம், எப்பவும் வரிசை கட்டி நிப்பாங்க.

சாயந்திரம் நாலரை மணி. துணி மடிச்சிட்டு இருந்தேன். குரூப்புல ஒரு புது ஆள், சேந்து ரெண்டு வாரம் தான் இருக்கும்: "என்கிட்ட ரெண்டாம் வருஷத்து மணி இருக்கு. ஒருத்தர் அதுக்கு பச்சைத் தொப்பி தரேங்கறார். ஆறு மணிக்குள்ள மாத்தணும். நடுவுல நம்பிக் குடுக்கற மாதிரி யாராவது இருக்கீங்களா?"

எல்லாரும் பாத்துட்டாங்கன்னு தெரியுது, பேருக்குப் பக்கத்துல குறி விழுது. யாரும் எழுதல. நானும் கைய தூக்கல. தூக்க தைரியம் வரல. சட்டை ஒண்ண மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சேன்.

புது ஆளே மறுபடி எழுதினார்: "புரோக்கர்னு ஒரு தீவு இருக்கே, அவர் பண்ணுவாரா?"

லாரிண்ணன் எழுதினாரு: "நான் இல்லப்பா. எனக்கு லோடு ஏத்தத் தான் தெரியும்."

அப்பறம் மூணு புள்ளி வந்துச்சு, ஓட்டைவாளி டைப் பண்றான். இப்போ என்ன சொல்லப் போறானோன்னு போன கவுத்து வெச்சிட்டேன். ரெண்டு சட்டை மடிச்சேன். தாங்கல, திருப்பிப் பாத்தேன்.

"லாரின்னு ஒரு தீவு இருக்கு பாரு, மீசை வெச்ச ஆளு. அங்க குடு. கண்ண மூடிட்டு குடு."

கீழ நர்ஸக்கா ஒரு கட்டை விரல். அதுக்குக் கீழ இன்னொருத்தர். இன்னொருத்தர்.

துணியெல்லாம் அப்படியே கிடக்க, குடோன் சந்துக்குள்ள ஓடினேன். ரெண்டு பேரும் வந்து நின்னாங்க, கொஞ்சம் பயந்துக்கிட்டே, சுத்தி அடுக்கி இருக்கற பெட்டிங்கள பாத்துக்கிட்டே. ஒருத்தர் மணிய போட்டாரு. ஒருத்தர் தொப்பிய போட்டாரு. எடுத்தேன், திருப்பினேன், இவருது அவருக்கு, அவருது இவருக்கு. முப்பது செகண்டு.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே"ன்னு எழுதினார் புது ஆள்.

அண்ணே இல்ல அக்கான்னு திருத்தலாம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சந்து வாசல்ல இன்னும் ரெண்டு பேர், கைல ஒரு சறுக்கு வண்டி, "அண்ணே, இங்க தானே?"ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வராங்க.

"இங்க தான், வாங்க"ன்னு எழுதினேன்.